அவளை மாடி ஏற்றாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியனில் ஓட்டை விழுந்தால் அதற்கு யாராவது காரணமாக இருந்தே தீர வேண்டும். ஊசி முனை மழுங்கியிருக்கும். இல்லை, துணியை விரித்தவர் வேகமாக இழுத்திருப்பார். இல்லை, தைத்த பெண்ணுக்கு முந்தின நாள் காய்ச்சல் அடித்திருக்கும். தானாக விழுந்த ஓட்டை என்று ஒன்றை அந்த ஊர் ஒப்புக்கொள்வதில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அறவே ஒப்புக்கொள்வதில்லை.

பிரவீணா அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைமை. துணியைப் பார்க்கக் கேமராக்கள் வந்து வெகுநாளாகிவிட்டது. மனிதக் கண்ணுக்குத் தப்புவதையெல்லாம் பிடித்து அவை மணியடிக்கும். ஆனால் ஓட்டை எங்கே என்றுதான் கேமரா சொல்லும், யாரால் என்று சொல்லாது. அதற்குப் பிரவீணா வேண்டும். துணியை விரல்களுக்கு நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் கை என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் துப்பறியும் அக்கா என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை.

"சில சமயம் காரணமே இருக்காதும்மா. உங்க மேல தப்பு ஒன்னும் இல்ல" என்றார் டாக்டர். இனிமேல் முயற்சி வேண்டாம், உடம்பு தாங்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிரவீணா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். காரணம் தெரியவில்லை என்று கம்பெனியில் யார் வந்து நின்றாலும், 'நீ சரியாத் தேடல' என்றுதான் அவள் திருப்பி அனுப்புவாள்.

தேடுவதற்கு வசதி இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

கருத்தரிப்பு மையத்துக்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களின் இடது மேல்கையில், தோலுக்கு அடியில், அரிசி அளவு கருவி ஒன்றை வைப்பது அப்போது வழக்கமாகியிருந்தது. ரத்தம், உடம்புச் சூடு, தூக்கம், நடை, படபடப்பு எல்லாவற்றையும் அது விடாமல் அளந்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதைக் கொண்டு மையத்தின் கணினிக்குள் அந்தப் பெண்ணைப் போலவே ஒருத்தியை உண்டாக்கி வைப்பார்கள். நிழல் என்று அவளுக்குப் பெயர். எந்த மருந்தையும் முதலில் நிழலுக்குக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொண்டால்தான் நிஜப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஊசியும் குறைந்தது, வலியும் குறைந்தது.

அதற்கு இன்னோர் உபயோகத்தைக் கண்டுபிடித்தவர்கள் சிகிச்சையில் தோற்ற பெண்கள். நான் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த நிழலிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று வந்து நின்றார்கள். மையமும் வேண்டாமென்று சொல்லவில்லை. பின்பக்கம் ஓர் அறையை ஒழித்து, 'மறுபார்வை' என்று பலகை மாட்டி, ரிஸ்வானா என்ற பெண்ணை அங்கே உட்கார வைத்தது. அதற்கு முன் அந்த அறையில் குழந்தைப் படங்கள் மாட்டியிருந்தார்கள். படங்களைக் கழற்றினார்களே ஒழிய ஆணிகளைப் பிடுங்கவில்லை.

"என்ன மாத்தணுமோ அத மட்டும் சொல்லுங்கக்கா" என்றாள் ரிஸ்வானா முதல் நாள். பிரவீணாவைவிட ஏழெட்டு வயது சின்னவள், மனநல ஆலோசனை படித்தவள். "மத்ததெல்லாம் அன்னைக்கு நடந்த மாதிரியே இருக்கும். கரு வெச்ச நாள்ல இருந்து ரத்தம் டெஸ்ட் பண்ற வரைக்கும் அந்த ரெண்டு வாரத்தயும் நிழல் திரும்ப வாழ்ந்து காட்டும். கடைசில தங்குச்சா இல்லயான்னு சொல்லிடும்."

"பொய் சொல்லாதுல்ல?"

"உங்க மனசு நோகும்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானுங்க்கா பொய் சொல்றதுக்கு."

அந்தப் பதில் பிரவீணாவுக்குப் பிடித்திருந்தது. பார்க்கிற எல்லோரும் அவள் மனசு நோகாமல் பேசிப் பேசியே அவளைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அங்கே ஆஜரானாள். பல்லடம் ரோட்டு வேகத்தடையில் கணவன் நந்தகுமார் பைக்கை ஏற்றி இறக்கியதைக் கேட்டாள். மழையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றதைக் கேட்டாள். வெந்நீர் கொஞ்சம் அதிகச் சூடாக இருந்த குளியல், அம்மாவோடு போனில் போட்ட சண்டை, வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கிய இரவு என்று ஒன்றையும் விடவில்லை. ஒருநாள், தும்மியதைக் கூடக் கேட்டாள். ரிஸ்வானா சிரிக்காமல் அதையும் ஓட்டினாள்.

ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும் பதில் வருவதற்கு. திரையில் கோட்டுருவமாக ஒரு பெண் எழுவாள், நடப்பாள், படுப்பாள், எழுவாள். பிரவீணா அவளைப் பார்ப்பதில்லை. டீயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். கடைசியில் 'மாற்றம் இல்லை' என்று வரும்.

வேறு பெண்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டுக்கொண்டு போவார்கள். பிரவீணாவோ ஒவ்வொரு 'மாற்றம் இல்லை'க்கும் அடுத்த கேள்வியோடு வந்து நின்றாள். இது இல்லை என்றால் குற்றவாளி இன்னும் வெளியே திரிகிறது என்று அர்த்தம். அது எங்கே திரிகிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் மற்றதையெல்லாம் முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு வாரத்துக்கு நடுவே ஒரு நாள். வீட்டில் ஓய்வாக இருப்பதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெரிய சரக்கு ஒன்று அன்றைக்குக் கப்பலுக்குப் போயாக வேண்டும், வாங்குகிறவனின் ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு துணியில் நிறம் ஒத்துவரவில்லை என்கிறான், அக்கா வராவிட்டால் கதை கந்தல் என்றார்கள். அவிநாசிக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அந்த ஆளோடு கத்திச் சண்டை போட்டாள். சரக்குப் போய்ச் சேர்ந்தது. சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்ன வாயும், படி ஏறின காலும் அவளுடையவை. அதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

இதை ரிஸ்வானாவிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சொன்னால் பதில் வந்துவிடும்.

வீட்டில் மூன்று பேர். நந்தகுமார் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். ஆயிரம் நீலத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன், மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லத் தெரியாதவன். அவன் அம்மா மரகதம் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னும் காலையும் மாலையும் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடை போகிறவள். பேச்சில் வளைவு சுளிவு கிடையாது. சிகிச்சை தோற்ற நாளிலிருந்து அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று பிரவீணாவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள்.

புதன்கிழமை சாப்பாட்டின்போது நந்தகுமார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வர்ற ஞாயிறு இல்லாம அடுத்த ஞாயிறு சௌம்யாவுக்கு வளைகாப்பு. வரச் சொல்லிப் போன் பண்ணுனா."

சௌம்யா அவன் தங்கை. பிரவீணா ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம எனக்கு வேல இருக்குது."

"அந்த ரூம்ல போய் உக்காந்துக்கறதா வேல?"

"ஆமா. என்ன தப்புன்னு தெரியோணும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா நான் காங்கேயத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடறேன். என்னால போனதுன்னா அதுக்கு நீங்க எதுக்குக் கெடந்து சீரழியோணும்? வேற ஒருத்தியப் பாத்துக் கட்டிக்குங்க."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. கழிக்க வேண்டிய சரக்கைக் கழித்துக் கட்டுகிற குரலில் சொன்னாள். நந்தகுமார் பாதிச் சோற்றில் எழுந்தான்.

"சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிக்காதடா" என்றாள் மரகதம். அவன் போய்விட்டான். மரகதம் மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, மோரை எடுத்துக் குடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரவீணா ஒரு முடிவோடுதான் போனாள். ஒரு பையில் நாலு புடவை கூட எடுத்து வைத்துவிட்டுப் போனாள். ரிஸ்வானாவின் எதிரில் உட்கார்ந்து, கோயிலுக்கென்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "அன்னைக்கு நான் ஊட்டுலயே இருந்ததா வெச்சு ஓட்டுங்க."

ரிஸ்வானா விசையைத் தட்டினாள். பிரவீணா டீயைக் கையில் எடுக்கக்கூட நேரமில்லை, பதில் வந்துவிட்டது.

மாற்றம் இல்லை.

"என்னங்க இது, இத்தன வெரசா?"

ரிஸ்வானாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "இந்தக் கேள்வி முன்னாடியே ஓட்டினதுக்கா. ஒரு தடவ ஓட்டிட்டா பதில் அப்படியே இருக்கும்."

"நான் கேக்கலயே."

"வீட்டு ஆளுங்க பாத்துக்கலாம்னு நீங்கதான் ஆரம்பத்துல சம்மதம் குடுத்தீங்க."

"யாரு வந்தாங்க?"

"அத நான் சொல்லக்கூடாதுங்க்கா."

சொல்லத் தேவையுமில்லை. மாதக்கணக்காகத் தேடிய பதில் எதிரே திரையில் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படி ஏறினது காரணமில்லை என்பது அவள் காதில் ஏறவே இல்லை. வீட்டில் ஒருத்திக்கு இது தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டு தினமும் எதிரே உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறாள் என்பதுதான் ஏறியது.

வீட்டுக்கு வந்தபோது மரகதம் சாயங்கால நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அந்த சென்டருக்குப் போனீங்களா அத்தை?"

"போனேன்."

"எதுக்கு?"

"உன்னப் புடிக்கத்தான்." மரகதம் நாடாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு அவிநாசிக்குப் போறேன்னுட்டுப் போன. வந்தப்ப நெத்தில துன்னூறு இல்ல. தலையில பஞ்சுத் தூசி இருந்துச்சு. முப்பது வருசம் பொட்டப்புள்ளைகள மேச்சவ நானு. கிரவுண்டுக்கு வராம எந்தப் புள்ள எங்க போயி ஒளிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுட்டுத்தான் சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இருக்கல. உம் மேல அத்தன கோவம் எனக்கு. புள்ள தங்கலீன்னு வந்த அன்னைக்கே கேட்டிருப்பேன். நீ கெடந்த கெடப்பப் பாத்துட்டு, சரி, மெஷின் சொல்லட்டும், அப்பறமா வெச்சுக்கலாம்னு போனேன். அது மாத்தமில்லைன்னு சொல்லிப்போட்டுது." மரகதம் நிமிர்ந்தாள். "அதுக்கப்பறம் எனக்குத் தூக்கமில்ல. நீ இல்லீன்னா அப்ப யாரு? கார்த்திகைத் தீபத்தன்னைக்கு உன்னக் குனிஞ்சு குனிஞ்சு ஊடு பூரா வெளக்கு வெக்கச் சொன்னது நாந்தான? மறுக்காப் போயி அதக் கேட்டேன். அதுவும் இல்லீன்னுது. அப்ப இன்னொன்னு, அப்பறம் இன்னொன்னு. ஒரு நாளு போறேன், அங்க இவன் உக்காந்திருக்கறான்."

"யாரு?"

"எம் பையந்தான், உம் புருசன். சாயப்பட்டறைச் சூட்டுல வேல செய்யறது காரணமான்னு கேக்க வந்திருக்கறான். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு, வெளில வந்து டீயக் குடிச்சுட்டு, ஒன்னும் பேசாம ஊட்டுக்கு வந்தோம்."

பிரவீணாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த நேரத்தில் அது எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே புரியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் கேட்டு முடிச்சாச்சு. எனக்கு எரிச்சலாப் போச்சு" என்றாள் மரகதம். "ஒன்னயும் மாத்த வேண்டாம், அவ எப்படி இருந்தாளோ அப்படியே இன்னொரு தடவ ஓட உடுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். பந்தயத்துல தகராறு வந்தா மறுபடி ஓட உடறதில்லையா? அந்த மாதிரித்தான். அந்தப் புள்ள முடியாதுன்னுச்சு. அதுக்கு எதையோ அவுத்து உடோணுமாமா, மேலிடத்துல திட்டுவாங்களாமா. நான் நாற்காலிய உட்டு எந்திரிக்கவே இல்ல. அப்பறம் ஓட்டுச்சு."

"என்ன வந்துச்சு?"

மரகதம் ஒரு கால் ஷூவைக் கழற்றினாள். அன்றைக்கு நடை போகப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டாள் போலிருந்தது.

"தங்கிருச்சு கண்ணு."

தெருவில் பால்காரரின் வண்டி போயிற்று. பிரவீணா காதில் விழுந்ததை மறுபடி மறுபடி உருட்டிப் பார்த்தாள். அதே ஆட்டோ, அதே மாடி, அதே பொய், அதே சண்டை. எதுவும் மாறவில்லை. ஆனால் குழந்தை தங்கியிருக்கிறது.

"அப்ப நான் என்னதான் பண்ணியிருக்கோணும் அத்தை?"

"அது தெரிஞ்சா உங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டனா? தெரியலீன்னுதான் வாய மூடிட்டு இருந்தேன். சொன்னா உனக்கு நல்லதா, இல்ல இன்னும் வலிக்குமான்னு எனக்குப் புரியல. இப்பவும் புரியல."

வலிக்கத்தான் செய்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அத்தனை மாதங்களாக அவள் ஒரு தப்பை மடியில் போட்டு வளர்த்திருந்தாள். அது அவளுடையது. தான் செய்தது என்றால், செய்யாமலும் இருந்திருக்கலாம். தன் கையில் ஏதோ இருந்தது. இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் ஒன்றுமே இருந்ததில்லை என்று தெரிவதைவிட, கெட்டவள் என்று தெரிவது சுலபமாக இருந்தது. அவள் அதற்காகவும் சேர்த்து அழுதாள். நந்தகுமார் வந்து கதவைத் தட்டினான், திறந்தாள். நனைந்த தரையில் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். எடுத்து வைத்திருந்த பையைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் அதைப் பிரிக்கவில்லை.

அந்த வாரம் கம்பெனியில் கேமரா ஒரு தடவை மணியடித்தது. வெள்ளைத் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை. தைத்த பெண் வெண்ணிலா கைகளைப் பிசைந்துகொண்டு தீர்ப்புக்காகப் பக்கத்தில் நின்றாள். பிரவீணா துணியைத் தேய்த்தாள், தூக்கிப் பார்த்தாள், ஊசியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள். இதுவரை இப்படிச் சொன்ன பெயர்களில் எத்தனை நிஜமாகவே சரியான பெயர்கள் என்று யோசித்துக்கொண்டே துணியைக் கீழே வைத்தாள்.

"தெரியல, போய் வேலையப் பாரு" என்றாள். வெண்ணிலா நம்பாமல் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வளைகாப்பு ஞாயிறு வந்தது. காரில் மூவரும் கிளம்பினார்கள். மரகதம் அரக்குப் பட்டுப்புடவைக்கு அடியில் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள், மடியில் வளையல் பெட்டி. போகிற வழியில் அந்த மையத்தில் நிறுத்தச் சொன்னது பிரவீணாதான். பதில் தெரிந்தால் காங்கேயம் போகிறேன் என்று சொன்னவள், இன்னும் முழுப் பதில் தெரிந்துகொள்ளவில்லை. பிரிக்காத பையும் காரின் பின்னால் இருந்தது. அதை நந்தகுமாரும் பார்த்திருந்தான்.

அந்தச் சின்ன அறைக்குள் மூன்று பேரும் ஒன்றாக நுழைந்ததைப் பார்த்து ரிஸ்வானா எழுந்துவிட்டாள்.

"அன்னைக்கு எங்கத்தைக்கு எதையோ அவுத்து உட்டீங்களாமா, அது என்னதுங்க?" என்றாள் பிரவீணா.

ரிஸ்வானா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "குலுக்கல்னு வெச்சுக்குங்கக்கா. கரு ஒட்டறப்ப உடம்புக்குள்ள சின்னச் சின்னதா எத்தனையோ நடக்குது. எந்த நிமிசம் எது எந்தப் பக்கம் சாயும்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த எடத்துலெல்லாம் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கும். நீங்க மாடி ஏறாம இருந்திருந்தா என்னன்னு கேக்கறப்ப, சீட்ட அன்னைக்கு விழுந்தபடியே கட்டிப் போட்டுடுவோம். இல்லீன்னா மாத்தம் மாடியால வந்ததா, சீட்டால வந்ததான்னு தெரியாது. அம்மா கேட்டதுக்கு அந்தக் கட்ட அவுத்து விட்டேன்."

"இத ஏன் வர்றவங்க யாருக்கும் சொல்றதில்ல?"

"காரணமே இல்லேன்னு தெரிஞ்சா அப்பறம் யாருங்க்கா இங்க வருவாங்க?" சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டது போலக் குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் இல்லாம, சில பேரு தாங்க மாட்டாங்க. நீங்க தாங்குவீங்களான்னு எனக்கும் தெரியல."

"கட்ட அவுத்துட்டு ஓட்டுங்க. ஒரு தடவ பத்தாது. ஒன்னயும் மாத்தாம, எத்தன தடவ முடியுமோ அத்தன தடவ."

ரிஸ்வானா மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு விசைகளைத் தட்டினாள். திரை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அதே கோட்டுருவப் பெண். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கையிலிருந்து எழுந்தார்கள், ஒரே மாதிரி பல் தேய்த்தார்கள், பைக்கில் ஒரே வேகத்தடையில் குலுங்கினார்கள். கார்த்திகை விளக்குகளுக்குக் குனிந்தார்கள். அந்த நாளும் வந்தது. எல்லோரும் ஆட்டோவில் ஏறி, கம்பெனியில் இறங்கி, மாடிப்படிக்கு வந்தார்கள்.

இவ்வளவு நாள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தவள் முதல் தடவையாகத் திரையைப் பார்த்தாள்.

அந்தப் பெண் வேகமாகத்தான் ஏறினாள். ஆனால் படி திரும்புகிற இடத்தில் நின்றாள். இடது கை மடங்கி அடிவயிற்றுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு ஏறினாள். அடுத்த திருப்பத்திலும் நின்றாள், கை மறுபடியும் அதே இடத்துக்குப் போயிற்று.

"இது என்ன, கைய ஏன் அப்படி வெக்கறா?"

"நிழல் தானா எதுவும் செய்யாதுங்க்கா" என்றாள் ரிஸ்வானா. "கருவி உங்க இடது கையிலதான இருந்துச்சு. கை எங்க போனாலும் அதுக்குத் தெரியும். அன்னைக்கு நீங்க வெச்சிருக்கீங்க."

பிரவீணாவுக்கு நினைவில்லை. அந்த நாளை அவள் ஆயிரம் தடவை திருப்பிப் பார்த்திருக்கிறாள். படிகள் நினைவிருந்தன, கத்தியது நினைவிருந்தது, சொன்ன பொய் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. கை மட்டும் நினைவில்லை. மேலே போய் அந்த ஆளோடு சண்டை போட்டபோதும் கட்டங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கை வயிற்றை விட்டு அகலவே இல்லை. முதல் ஆளாக நந்தகுமார்தான் அழுதான். சத்தம் வராமல் இருக்க மூக்கை உறிஞ்சினான், அது நன்றாகக் கேட்டது.

இரண்டு வாரம் ஓடி முடிந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. பச்சையானால் தங்கியது, சாம்பலானால் இல்லை. சாம்பல்தான் அதிகம். ஆனால் அங்கங்கே பச்சை. ஒரு பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல். இரண்டு கட்டத்துப் பெண்களையும் பிரவீணா மாறி மாறிப் பார்த்தாள். தரம் பார்த்துப் பழகிய கண், விடாமல் வித்தியாசம் தேடியது. ஒரே நூல், ஒரே மெஷின், ஒரே கை. வித்தியாசம் எதுவும் இல்லை. பச்சைக்காரி இவளைவிட நல்லவள் இல்லை. சாம்பல்காரி எந்தப் பாவமும் செய்யவில்லை.

"இன்னொரு தடவ ஓட்டட்டுங்களாக்கா?" என்று கேட்டாள் ரிஸ்வானா. கேட்டுக்கொண்டே அவள் கை விசைக்குப் போனது. கட்டங்கள் எல்லாம் வெள்ளையாயின. அத்தனை பெண்களும் மறுபடியும் படுக்கையிலிருந்து எழுந்தார்கள்.

"வேண்டாம், நிறுத்துங்க." பிரவீணா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "மறுபடியும் அவள மாடி ஏத்தாதீங்க. எத்தன தடவதான் ஏறுவா? அவளப் போட்டுப் பாடாப் படுத்திட்டேன். பாவம், அவ என்ன பண்ணுவா?"

ரிஸ்வானா விசையிலிருந்து கையை எடுத்தாள். கட்டங்களில் அத்தனை பெண்களும் எழுந்து உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றார்கள்.

"யாரச் சொல்ற கண்ணு?" என்றாள் மரகதம்.

பிரவீணா திரையைக் காட்டக் கையைத் தூக்கினாள். பாதி தூரம் போன கை, திரும்பி வந்து அவள் நெஞ்சின் மேலேயே நின்றது. மரகதம் மடியிலிருந்த வளையல் பெட்டியை நந்தகுமாரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து, மருமகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிரவீணா ரிஸ்வானாவின் பக்கம் திரும்பினாள். "ரிஸ்வானா, இனி யாரு வந்து கேட்டாலும் இவள எழுப்பாதீங்க. நானே வந்து கேட்டாலும்."

"அழிச்சிடட்டுங்களா?"

"அழிக்க வேண்டாம். தூங்கட்டும்."

ரிஸ்வானா திரையை அணைத்தாள். வெளியே வந்ததும் நந்தகுமார் காரின் பின்கதவைத் திறந்து அந்தப் பையை நகர்த்தி, வளையல் பெட்டிக்கு இடம் பண்ணினான். பையில் என்ன இருக்கிறது என்று மரகதம் கேட்டாள்.

"நாலு பொடவை அத்தை" என்றாள் பிரவீணா. "ஒன்னு நல்லதா இருக்குது. சௌம்யா ஊட்டுல போயி மாத்திக்கறேன்."